கொழுப்பெடுத்த கதை

முண்டியம்பாக்கத்துக்கு இரண்டு பெருமைகள். ஒன்று சர்க்கரை ஆலை. இன்னொன்று பெரியாஸ்பத்திரி. ஆலை பழசு. 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆஸ்பத்திரியும் ஊரோடு ஒட்டிக்கொண்டது. 'சர்க்கரையும் நாங்களே குடுப்போம், அதுக்கு வைத்தியமும் நாங்களே பார்ப்போம்' என்று டீக்கடை பெஞ்சில் தமாஷ் பண்ணுவார்கள். கரும்பு சீசனில் லோடு டிராக்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ் அலறுவதைக் கேட்டால் அந்தத் தமாஷ் அவ்வளவாக ரசிக்காது.

மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. பக்கத்திலேயே பனையபுரம். தேவாரக்காரர்களுக்குப் புறவார் பனங்காட்டூர். ஒரு புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தாரே சிபிச் சக்கரவர்த்தி, அவரோடு சம்பந்தப்பட்ட தலம் என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் சதைக் குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கொண்ட முதல் ஆசாமி அவராகத்தான் இருக்கவேண்டும். மயக்க ஊசிகூடக் கிடையாது!

சக்கரவர்த்திக்கு இறைவன் அருள் கிடைத்தது, உடம்பு பழையபடி ஆனது என்று கதை சுபமாக முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ராத்திரியில் தொடை எரிந்ததா, இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்ட முடிந்ததா, அரண்மனையில் யாராவது 'உங்களை யார் அரியச் சொன்னது?' என்று கேட்டார்களா... இதெல்லாம் புராணத்தில் இல்லை.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது அந்த இல்லாத பகுதியைத்தான்.

* * *

என் மச்சினி, அதாவது சகதர்மிணியின் தங்கை, திண்டிவனத்தில் இருக்கிறாள். இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. இரண்டு நிபந்தனை போட்டாள். "பேரைப் போடாதீங்க மாமா. வயசைப் போட்டா ரெண்டைக் குறைச்சுப் போடுங்க." ஆகவே வயது 36 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழந்தைகள். இரண்டும் சிசேரியன். இரண்டாவதுக்கு அப்புறம் வயிறு உள்ளே போக மறுத்துவிட்டது. நடந்தாள், ஓடினாள், சோற்றைக் குறைத்தாள், கொள்ளு ரசம் குடித்தாள். பிரசவத்தில் வயிற்றின் நடுத் தசைகள் இரண்டாகப் பிரிந்துபோய் அப்படியே நின்றுவிட்டால், ரசத்தாலும் ஒன்றும் பண்ண முடியாது, மாரத்தானாலும் முழுசாகச் சரியாகாது. இது அவளுக்கு அப்போது தெரியாது.

நம் ஜனங்களுக்குத்தான் அடுத்தவர் வயிற்றின்மேல் எவ்வளவு அக்கறை! கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எங்கே போனாலும் ஒருத்தி வந்து காதைக் கடிப்பாள்: "என்னடி, மூணாவதா? சொல்லவே இல்லை!" ஒரு நாள் விழுப்புரம் பஸ்ஸில் ஒரு காலேஜ் பையன் சட்டென்று எழுந்து, "உக்காருங்கக்கா, இந்த மாதிரி நேரத்துல நிக்கக்கூடாது" என்று இடம் கொடுத்திருக்கிறான். நல்ல பையன். பதில் சொன்னால் அவன் மனசு கஷ்டப்படும் என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறாள். திண்டிவனம் வரும்வரை கண்ணீர் நிற்கவில்லையாம்.

அந்த வருஷம் சீட்டுப் பணம் வந்தது. அதோடு ஒரு ஜோடி வளையலும் போயிற்று. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'டம்மி டக்' என்கிற ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வளைவாகக் கீறி, தோலை விலா எலும்பு வரைக்கும் போர்வை மாதிரி தூக்கி, பிரிந்த தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலையும் கொழுப்பையும் வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புது வாசல் வைத்து மூடுவார்கள். நம் தையல்காரர் ஜாக்கெட்டுக்குப் பண்ணுகிற ஆல்டரேஷன்தான், கொஞ்சம் பெரிய அளவில். 1899-லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி என்ற டாக்டர் தொங்கும் வயிற்றுச் சதையை இப்படி வெட்டி எடுத்திருக்கிறார். 2022-ம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் நடந்திருக்கிறது. பெரும்பாலோர் திருப்தியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

இவளும் திரும்பினாள். வயிறு போயே போச்சு. தழும்பு என்னவோ நூல் பிடித்தது மாதிரி அழகாக ஆறியது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே வலது தொடையில், வெளிப்பக்கத்தில், ஒரு தீ.

"மிளகாய்த்தூளைத் தடவி மேல வெந்நீர் ஊத்தின மாதிரி மாமா."

* * *

'ஆறு வாரத்துல சரியாயிடும்' என்றார்கள். அப்புறம் 'ஆறு மாசம்'. அப்புறம் 'ஒரு வருஷம்'. வருஷம் முடிந்ததும், "உங்களுக்கு டென்ஷன் ஜாஸ்தியா இருக்கும்மா. யோகா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தால் நார்மல். ரத்தம் நார்மல். எல்லாமே நார்மல், இவளைத் தவிர.

உள்பாவாடை நாடா பட்டால் சுரீர் என்கிறது. எனவே புடவை கிடையாது. சுடிதார் நாடாவும் கிடையாது. நாள் பூரா நைட்டி. ராத்திரி போர்வை உரசினால் எரிச்சல். ஈரத் துண்டைத் தொடைமேல் போட்டுக்கொண்டு படுப்பாள். ஆனால் நடை? ஜோராக நடப்பாள். மாடி ஏறுவாள். தண்ணீர்க் குடம் தூக்குவாள். அதுதான் வினையாகப் போயிற்று. 'நல்லாத்தானே நடக்கறா? அப்புறம் என்ன வலி?'

ஒரு நெருங்கிய கல்யாணத்துக்கு நைட்டியில் போக முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பந்தியில் சாம்பாரோடு சேர்த்து இவள் விஷயமும் பரிமாறப்பட்டது. அப்போது ஒரு தூரத்து உறவு அம்மணி சொன்ன டயலாக் குடும்ப வட்டாரத்தில் சூப்பர் ஹிட்:

"நல்லா இருந்த உடம்பு. கொழுப்பெடுத்துப் போய் அறுத்துக்கிட்டா!"

தமிழின் அழகைப் பாருங்கள். கொழுப்பை எடுத்தார்கள் என்பதும் உண்மை. திமிர் என்பதும் சொல்லியாயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சிரித்தவர்களில் என் மாமியாரும் ஒருத்தர். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா?" என்று ஒரு வரி சேர்த்தும் கொண்டார்.

இங்கேதான் இந்த வலியின் விசேஷமே இருக்கிறது. மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருவார்கள். குடல்வால் ஆபரேஷன் என்றால் ஆரஞ்சுப் பழம். ஆனால் அழகுக்காகச் செய்துகொண்ட ஆபரேஷனில் வலி வந்தால், வலி பாதி, 'நீயா தேடிக்கிட்டதுதானே' மீதி. வலிக்காவது ராத்திரி ஈரத் துண்டு உண்டு. அந்த வார்த்தைக்கு என்ன போட?

* * *

பெரியாஸ்பத்திரிக்கு வந்தது தற்செயல். பெண்ணைக் காய்ச்சலுக்குக் காட்ட எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தவளை, 'கையோட உன்னையும் காட்டிட்டு வந்துடலாம்' என்று என் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். சீட்டு எழுதும் வரிசையில் நிற்கிற உத்தியோகம் எனக்கு.

பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லையாம். "எங்கே வலிக்குது, ஒரு விரலால காட்டுங்கம்மா" என்றிருக்கிறார். அப்புறம் தன் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து, "எதுவரைக்கும் எரியுதோ, அதைச் சுத்தி நீங்களே கோடு போடுங்க" என்று திரையை இழுத்துவிட்டிருக்கிறார்.

மச்சினி கோடு போட்டாள். தொடையின் வெளிப்பக்கம் ஒரு பெரிய மாங்காய் வடிவம். முன்பக்க நடுக்கோட்டைத் தாண்டவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில், தழும்பின் ஓரத்தில், விரலால் லேசாகத் தட்டினார். தொடை முழுக்கக் கரண்ட் அடித்தது மாதிரி பாய்ந்ததும் இவள் போட்ட சத்தம் வெளியே சீட்டோடு நின்ற எனக்கே கேட்டது.

டாக்டர் சொன்னாராம்: "டென்ஷனுக்கு எல்லைக்கோடு தெரியாதும்மா. நரம்புக்குத்தான் தெரியும். நீங்க வரைஞ்சது ஒரு நரம்போட பட்டா நிலம்."

* * *

அந்த நரம்பைப் பற்றி அப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். முதுகின் கீழ்ப்பகுதித் தண்டிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, ஒரு தசைநார்ப் பட்டைக்கு அடியில் புகுந்து தொடைக்கு வருகிறது. சரியாக நாம் நாடாவும் பெல்ட்டும் இறுக்குகிற இடம். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது ஒன்றே அதன் வேலை. எந்தத் தசையையும் அசைப்பது அதன் பொறுப்பில் இல்லை. அதனால்தான் நரம்பு கெட்டாலும் நடை கெடுவதில்லை. 'நல்லாத்தானே நடக்கறா' என்ற உறவினர்களின் கேள்விக்கு உடற்கூறு நூலில் பதில் இருக்கிறது!

டம்மி டக் கீறல் முடிவது இந்த இடத்துக்குப் பக்கத்தில். தோலைத் தூக்கும்போது நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், வெட்டுப்படலாம், தையலில் மாட்டலாம், பின்னால் தழும்பு இறுகும்போது சிக்கலாம். இந்த ஆபரேஷனில் அதிகமாக அடிபடுகிற நரம்பு இதுதான் என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது. அடிவயிற்றுக்குப் போகும் வேறு சில நரம்புகளும் உண்டு. அவை அடிபட்டால் அடிவயிறும் தொடை இடுக்கும் வலிக்கும். அவற்றுக்கு டம்மி டக்தான் வேண்டும் என்பதில்லை. குடலிறக்கம், சிசேரியன் ஆபரேஷன்களிலும் மாட்டலாம்.

தொப்புளுக்குக் கீழே கொஞ்சநாள் மரத்துப்போவது சகஜம். தோலைத் தூக்கினால் சின்னச் சின்ன நரம்புகள் அறுபடத்தான் செய்யும். நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். பேரணியில் கிராசிங்குக்காக நிறுத்தி வைத்த பாசஞ்சர் ரயில்கூட அதைவிட வேகம். மெதுவாகவாவது வளர்ந்து பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி. வழி தெரியாமல் தழும்புக்குள் சுருண்டு முடிச்சாகிவிட்டால், தொட்டாலே கரண்ட்தான்.

மின்வாரிய பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். மரத்துப்போவது கரண்ட் கட். எரிவது ஷார்ட் சர்க்யூட். தொடையில் ஒன்றுமே இல்லை; கம்பியில்தான் கோளாறு. ஆனால் மூளைக்குப் போகும் தந்தி என்னவோ 'தொடை எரிகிறது' என்றுதான் சொல்லும். இல்லாத காலுக்கே வலி வருகிறதே! நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து அந்த மாயக்கை வலியை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார். கையே இல்லாதவனுக்குக் கை வலிக்கும்போது, கால் இருக்கிறவளுக்குத் தொடை வலிக்கக்கூடாதா?

வியாதிக்குப் பெயர் மெரால்ஜியா பாரஸ்தெட்டிக்கா. கேட்டால் ஏதோ ஊட்டி மலர்க்கண்காட்சியில் முதல் பரிசு வாங்கின செடி மாதிரி இருக்கிறது. 1895-ல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட்டும் ரஷ்யாவில் ரோத்தும் தனித்தனியாக இதை எழுதினார்கள். அதே வருஷம் இதைப் பற்றி இன்னொருவரும் எழுதினார், தனக்கே இது இருந்ததால். அவர் யார் தெரியுமா? சாட்சாத் சிக்மண்ட் ஃப்ராய்டு! மனித மனசின் மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த அந்த மகானுக்கே தொடை எரிந்தது மனசால் அல்ல, நரம்பால். இனிமேல் யாராவது 'எல்லாம் மனசுதான்' என்றால் ஃப்ராய்டின் தொடையை ஞாபகப்படுத்துங்கள்.

ஈரத் துண்டு விஷயமும் புதுசில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் குண்டடிபட்டு நரம்பு கெட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வெயர் மிட்செல், எரிச்சல் தாங்காமல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1860-களின் சிப்பாயும் திண்டிவனத்துக் குடும்பத்தலைவியும் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான்.

இன்னொரு எச்சரிக்கை, ஆண்களுக்கும் சேர்த்து. இந்தத் தொடை எரிச்சல் ஆபரேஷன் இல்லாமலே வரும். தொப்பைக்கு அடியில் பெல்ட்டை இறுக்குகிறவர்கள், டைட் ஜீன்ஸ் பிரியர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் லிஸ்ட்டில் உண்டு. பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தினாலே பலருக்குக் குணமாகிவிடும். நான் இந்த வரியை எழுதும்போதே தளர்த்திவிட்டேன்.

* * *

மறுபடி மச்சினி. டாக்டர் மாத்திரை எழுதினார். வெளியே வந்து மருந்துக் கடைப் பையனிடம் நீட்ட, அவன் சீட்டைப் பார்த்து, "இது டிப்ரெஷன் மாத்திரைக்கா" என்று தன் ஞானத்தை வெளியிட்டான். அவ்வளவுதான். "பாத்தீங்களா மாமா, இவங்களும் என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க!"

திரும்ப உள்ளே போய்க் கேட்டதில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சாதாரண வலி மாத்திரை, வீக்கத்துக்கும் காயத்துக்கும் கேட்கும். நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின் மாதிரி மனச்சோர்வுக்காக வந்த சில மருந்துகளும், கேபாபென்டின், பிரிகேபலின் மாதிரி வலிப்பு நோய்க்காக வந்த சில மருந்துகளும், கோளாறான நரம்பின் கூச்சலை அடக்குகின்றன. அமிட்ரிப்டிலினை இதற்குக் கொடுப்பது குறைந்த அளவில். தூக்கம் வரும், வாய் உலரும். வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும். டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது. "தேங்காய் துருவறதுக்குன்னு வாங்கின அருவாமணையில காய் நறுக்கறதில்லையா? அது மாதிரிதான்" என்றாராம். இந்த டாக்டருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்த நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். அது வைத்தியம் மட்டுமில்லை, சாட்சியும்கூட. குறிப்பிட்ட நரம்பை மரக்க வைத்ததும் வலி நின்றால், வலி அந்த நரம்பில்தான் என்று அர்த்தம்.

நின்றது.

ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தொடையைத் தட்டிப் பார்த்தாள். நிமிண்டிப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். என் மனைவி பதறிப்போய், "என்னடி, வலிக்குதா?" என்றாள்.

"இல்லக்கா. வலிக்கல. அப்ப நான் சொன்னது பொய் இல்லன்னு ஆச்சில்ல?"

ஒன்றரை வருஷமாக அவள் மருந்துக்கு அலைகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் அலைந்தது சாட்சிக்கு.

ஊசியின் பலன் சில மணி நேரம்தான் முழுசாக இருந்தது. இப்போது மாத்திரையோடு, பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்றில் நிற்கிறது. நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக் வைத்துத் தைத்த பாவாடை; அதையும் எலும்பில் படாமல் மேலே ஏற்றிக் கட்டுகிறாள். தேவைப்பட்டால் நரம்பை விடுவிக்கிற அல்லது முடிச்சை எடுக்கிற ஆபரேஷன் உண்டு என்கிறார்கள். 'இன்னொரு ஆபரேஷனா' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். முழுசாகக் குணமா என்றால் இல்லை. ஆனால் வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பெயர் தெரிந்த கடன்காரனைச் சமாளிக்க முடியும். ராத்திரியில் கதவு தட்டுகிறவன் யாரென்றே தெரியாவிட்டால்தான் பயம்.

* * *

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் போட்ட கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கினோம். (நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2002-ன் மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.) ஒப்புதல் படிவம் மூன்று பக்கம், பொடி எழுத்தில், இங்கிலீஷில். ஆபரேஷன் அன்று காலை, பச்சை கவுன் மாட்டின பிறகு நீட்டியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: நம்ப்னெஸ்.

"அப்படின்னா என்ன மாமா?"

"மதமதப்பு. மரத்துப்போறது."

"இது மதமதப்பா?" என்று தொடையைக் காட்டினாள். என்னிடம் பதில் இல்லை.

வலிக்கு நம்மிடம்தான் எத்தனை வார்த்தைகள்! சுள்ளென்று, சுரீரென்று, விண் விண்ணென்று, திகுதிகுவென்று, குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடுங்கல், எரிச்சல், இசிவு, நமைச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி ஏற்றுகிற மாதிரி. 1975-ல் கனடாவில் மெல்சாக் என்ற விஞ்ஞானி இங்கிலீஷ் வலி வார்த்தைகள் 78-ஐத் தொகுத்து ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்; நோயாளி எந்த வார்த்தையைத் தொடுகிறார் என்பது வைத்தியத்துக்கு உதவுகிறது. எரிச்சல், கரண்ட், ஊசி என்று சொன்னால் நரம்பைச் சந்தேகப்படவேண்டும். நம் பாட்டிமார்களிடம் விட்டிருந்தால் 178 தேறியிருக்கும். இவ்வளவு வைத்துக்கொண்டு, படிவத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? டெல்லியில் ஒரு பெண்மணி 1995-ல் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயாரின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர். 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நோயாளியின் சம்மதம் என்றால் வெறும் கையெழுத்து இல்லை. என்ன செய்யப்போகிறோம், என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன என்பதை நோயாளி புரிந்து முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அந்தம்மாவுக்குக் கிடைத்த நஷ்டஈடு 25,000 ரூபாய்தான். டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. தொகை சின்னது, தீர்ப்பு பெரியது.

பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் நியாயமாகப் பேசவேண்டும்: நரம்பு அடிபட்டதெல்லாம் டாக்டரின் தப்பு ஆகாது. கவனமாகச் செய்தும் நேரலாம். சொல்லாமல் விட்டதுதான் கணக்கு.

மச்சினி கேஸ் போடவில்லை. 'இந்த எரிச்சலைப் பற்றித் தமிழில் ஒரு வரி உங்கள் படிவத்தில் சேர்த்தால் போதும்' என்று அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. இங்கிலீஷில்.

* * *

செய்தித்தாளில் எது வரும் தெரியுமா? 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்க ஆபரேஷனுக்குப் போன 21 வயது கன்னட நடிகை சேத்தனா ராஜ் இறந்தது வந்தது. 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னை பம்மலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்ததும், அரசு விசாரணைக் குழு போட்டதும் வந்தது. வரவேண்டியதுதான். பிழைத்து வந்து, தொடையில் ஈரத் துண்டோடு படுத்திருக்கிறவர்கள் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

யாரையும் பயமுறுத்துவதற்காக இல்லை. தொங்கும் வயிற்றைச் சரிசெய்ய நினைப்பது குற்றமில்லை. போகிறவர்கள் இந்த ஆறு கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்:

1. நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் மேல்படிப்பு முடித்தவரா? பதிவு எண் என்ன?

2. என் விஷயத்தில் எந்த நரம்புக்கு ஆபத்து? மரத்துப்போகுமா, எரியுமா?

3. அது எத்தனை நாளில் சரியாகும்? ஆகாவிட்டால் என்ன செய்வீர்கள்?

4. மூன்று மாசத்துக்கு மேல் வலித்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? அந்தச் செலவு யாருடையது? (அழகு சிகிச்சையைப் பொதுவாக இன்ஷூரன்ஸ் ஏற்பதில்லை.)

5. ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி உண்டா?

6. படிவத்தை இன்றே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா?

ஆறாவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், மற்ற ஐந்தையும் கேட்கவேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஏற்கெனவே செய்துகொண்டு வலியோடு இருக்கிறவர்களுக்கு: ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்று மாசம் தாண்டியும் நிற்கிற வலி ஒரு தனி வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் வியாதிப் பட்டியலில், 2022-ல் அமலுக்கு வந்த பதிப்பிலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நரம்பியல் டாக்டர், மயக்கவியல் டாக்டர்கள் நடத்தும் வலி நிவாரணப் பிரிவு, பிளாஸ்டிக் சர்ஜன் என்று கேட்டுப் போங்கள். போகும்போது தொடையிலோ வயிற்றிலோ பேனாவால் எல்லைக்கோடு போட்டுக்கொண்டு போங்கள். பத்து ஸ்கேன் சொல்லாததைச் சில சமயம் அது சொல்லிவிடும்.

பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு: வலியை ஆராயும் உலக சங்கம் 2020-ல் வலிக்குப் புது விளக்கம் எழுதியபோது ஒரு குறிப்பும் சேர்த்தது. ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்கவேண்டும் என்று. அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. செலவும் இல்லை.

என் மாமியார் அந்தச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஊசி போட்ட அன்று சாயங்காலம் என் மனைவி போனில் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய்விட்டார். அந்த எலாஸ்டிக் பாவாடைகள் அவர் கைத்தையல்தான்.

போன மாசம் மயிலத்தில் ஒரு கல்யாணம். மச்சினி இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பட்டுப்புடவையில் வந்தாள். பந்தியில் அதே தூரத்து உறவு அம்மணி, அதே சாம்பார், அதே டயலாக்: "என்ன, இப்ப தேவலையா? கொழுப்பெடுத்துப் போய் இந்தப் பாடு படணுமா?"

மாமியார் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அவளுக்கு எடுத்தாச்சு. உனக்குத்தான் இன்னும் எடுக்கணும்."